கொடி உறுதிமொழியில் கடவுள் பெயர் தேவையா?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு அருகே வசிக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகன் மூன்றாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியில் தினமும் காலையில் நெஞ்சில் கை வைத்துச் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'அண்டர் காட்' (கடவுளின் கீழ்) என்று வருகிறதே, "அந்தக் கடவுள் நம் முருகனா, அம்மா?" என்று சென்ற வாரம் கேட்டான். நான் வெள்ளிதோறும் கோவிலுக்குப் போகிறவள். கடவுள் பெயரைச் சொல்வதில் என்ன தவறு என்று நினைக்கிறேன். என் கணவர் திராவிடர் கழகக் குடும்பத்தில் வளர்ந்தவர். "நம் ஊர்ப் பள்ளி உறுதிமொழியில் கடவுள் உண்டா? அரசாங்கம் பிள்ளையின் வாயில் கடவுளைத் திணிப்பது அநியாயம், அவன் அதைச் சொல்லக் கூடாது" என்கிறார். அந்தச் சொற்கள் அங்கே இருப்பது சரிதானா? மகன் சொல்லாமல் இருந்தால் பள்ளி நடவடிக்கை எடுக்குமா? நாங்கள் இருவரும் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதற்கு ஏதேனும் இடையூறு வருமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த அச்சம் மனத்தில் இருக்கும்வரை மற்றது எதுவும் காதில் ஏறாது. உங்கள் மகன் வகுப்பில் உறுதிமொழியைச் சொல்கிறானா, சொல்லாமல் நிற்கிறானா என்பதற்கும் உங்கள் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவன் பிறப்பிலேயே இந்நாட்டுக் குடிமகன். வாய் மூடி நிற்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 1943ஆம் ஆண்டிலேயே அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு உறுதிசெய்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் கதையை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது. அது உங்கள் கணவரைவிட உங்களுக்கே அதிகம் நெருக்கமான கதை.

பென்சில்வேனியா மாநிலத்தில் மைனர்ஸ்வில் என்ற சிற்றூரில், 'யெகோவாவின் சாட்சிகள்' என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அக்காவும் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்ததால் 1935இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் நாட்டை வெறுத்தவர்களும் அல்லர், கடவுளை மறுத்தவர்களும் அல்லர். கடவுள் ஒருவருக்கே செலுத்த வேண்டிய வணக்கத்தை ஒரு துணிக்குச் செலுத்துவது பத்துக் கட்டளைகளுக்கு முரண் என்பதே அவர்களின் நம்பிக்கை. 1940இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் பிள்ளைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே அந்தப் பிரிவினர் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடம் ஒன்று எரிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்த வேளையில், மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த அதேபோன்ற வழக்கில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலிலோ, தேசியத்திலோ, சமயத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்கவும், அதைக் குடிமக்கள் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று கட்டாயப்படுத்தவும் எந்த அதிகாரிக்கும், அவர் பெரியவராயினும் சிறியவராயினும், உரிமை கிடையாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அந்தத் தீர்ப்பு வந்த நாள் ஜூன் 14, அமெரிக்கக் கொடி நாள்.

ஆக, உங்கள் கணவர் இன்று மகனுக்காகக் கேட்கும் உரிமை, தம் கடவுளை மிக ஆழமாக நம்பிய குடும்பங்களின் பிள்ளைகளால் வந்தது. அப்போது உறுதிமொழியில் கடவுள் பெயரே இல்லை என்பதையும் கவனியுங்கள்.

அந்தப் பெயர் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பார்த்தால்தான் அது அங்கே இருக்கலாமா என்று தீர்மானிக்க முடியும். உறுதிமொழியை 1892இல் எழுதியவர் பிரான்சிஸ் பெல்லமி. அவர் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர். கொலம்பஸ் அமெரிக்காவுக்கு வந்த 400ஆம் ஆண்டு விழாவுக்காக, சிறுவர் இதழ் ஒன்றில் வெளியிட அவர் அதை எழுதினார். கொடிக்கும், அது குறிக்கும் குடியரசுக்கும் விசுவாசம். பிரிக்க முடியாத ஒரே நாடு. அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும்: அவ்வளவுதான் அவர் எழுதியது. உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு தலைமுறைகூட முழுதாகக் கழியாத காலத்தில் 'பிரிக்க முடியாத' என்ற சொல்லுக்கு இருந்த கனம் இன்று நமக்குப் புலப்படாது. ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்து பழகிய மனிதர், நாட்டுக்கான வாக்குறுதியை எழுத உட்கார்ந்தபோது கடவுளைச் சேர்க்க வேண்டிய தேவையை உணரவில்லை என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

பிறகு அது பலமுறை திருத்தப்பட்டது. 'என் கொடி' என்றிருந்ததை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் தங்கள் பழைய நாட்டுக் கொடியை நினைத்துக்கொள்ளக் கூடாதென்று, 1923இலும் 1924இலும் 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடி' என்று மாற்றினார்கள். நாடாளுமன்றம் அதை முறைப்படி ஏற்றது 1942இல்தான். கையை முன்னே நீட்டிச் செய்த வணக்கம் நாஜிகளின் வணக்கத்தை ஒத்திருந்ததால் அதே ஆண்டு இறுதியில் நெஞ்சில் கை வைக்கும் வழக்கம் வந்தது. இன்று உங்கள் மகன் செய்வது அதைத்தான்.

கடவுள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற முயற்சியைப் பெரிய அளவில் முன்னெடுத்தது ஒரு கத்தோலிக்கச் சகோதர அமைப்பு. ஆனால் காரியத்தை முடித்துவைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம். 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் பிரெஸ்பிட்டேரியன் தேவாலயம் ஒன்றில் போதகர் ஜார்ஜ் டாக்கர்ட்டி பேசினார். அதிபர் ஐசன்ஹோவர் எதிரே அமர்ந்திருந்தார். டாக்கர்ட்டி ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர். உங்களைப் போலவே, பள்ளியிலிருந்து வந்த பிள்ளை உறுதிமொழியைச் சொல்லக் கேட்டுத்தான் அவருக்கும் இந்தச் சிந்தனை எழுந்தது. இதே சொற்களை மாஸ்கோவின் சிறுவர்களும் தங்கள் அரிவாள் சுத்தியல் கொடியின் முன் நின்று சொல்லலாமே, அமெரிக்காவுக்கே உரியது எதுவும் இதில் இல்லையே என்பது அவர் வாதம். அதோடு நிற்கவில்லை: கடவுள் மறுப்பாளரான அமெரிக்கர் என்பதே முரண்பாடு என்றும் சொன்னார். நான்கே மாதங்களில் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் 14 அன்று கையெழுத்திட்ட ஐசன்ஹோவர், இனி இலட்சக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் நாள்தோறும் இந்நாட்டை எல்லாம் வல்ல இறைவனுக்கு அர்ப்பணித்து முழங்குவார்கள் என்று அறிக்கை விட்டார்.

அந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'கடவுளின் கீழ்' என்பது வெறும் வரலாற்றுக் குறிப்பு, சமயப் பொருள் எதுவும் இல்லை என்று பிற்காலத்தில் சொல்லப்பட்ட சமாதானங்களை, சட்டத்தில் கையெழுத்திட்டவரே முன்கூட்டி மறுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகள் தினமும் இறைவனைப் பறைசாற்ற வேண்டும் என்பதற்காகவே அது சேர்க்கப்பட்டது. 'கடவுளின் கீழ்' என்ற தொடரை லிங்கன் கெட்டிஸ்பர்க் உரையில் சொல்லியிருக்கிறாரே என்பார்கள், உண்மைதான். போர்க்களத்துக் கல்லறைகளின் நடுவே நின்று ஒரு மனிதர் தம் உள்ளத்திலிருந்து சொன்னது அது. எட்டு வயதுப் பிள்ளைகள் தினமும் காலை எட்டு மணிக்கு எழுந்து நின்று அதைத் திரும்பச் சொல்ல வேண்டுமென்று அவர் சட்டம் போடவில்லை.

இனி, நீதிமன்றங்கள் என்ன சொல்லின என்று பார்ப்போம். 2002 ஜூன் மாதம் கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுப் பள்ளியில் இந்தச் சொற்களோடு உறுதிமொழியைச் சொல்லவைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. நாடே கொதித்தது, செனட் சபை 99க்கு 0 என்ற வாக்கில் உறுதிமொழியை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. வழக்குத் தொடுத்தவர் மைக்கேல் நியூடோ, மருத்துவர், நாத்திகர். பள்ளியில் படித்த தம் மகளுக்காக வழக்காடினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அதன் முடிவு உறுதிமொழியால் வரவில்லை, அந்தக் குடும்பத்தின் நிலைமையால் வந்தது. தாயும் தந்தையும் பிரிந்திருந்தார்கள். மகளைப் பற்றிய இறுதி முடிவுகள் தாயிடம் இருந்தன. தாயோ கிறித்தவர், மகளுக்கு அந்தச் சொற்களில் ஆட்சேபம் இல்லை என்றார். மகள் சார்பில் வழக்காடத் தந்தைக்குத் தகுதி இல்லை என்று கூறி 2004 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதுவும் ஒரு கொடி நாள். மூலக் கேள்விக்கு அந்த நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக இதுவரை விடை சொல்லவில்லை.

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த வழக்குதான். ஓரிடத்தில் தாயின் நம்பிக்கை, மற்றோரிடத்தில் தந்தையின் கொள்கை, நடுவில் வகுப்பறையில் நிற்கும் ஒரு பிள்ளை. உங்கள் வீட்டில் பிரிவும் இல்லை, வழக்கும் இல்லை. இருவரின் கருத்தையும் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு நிம்மதி தந்தது. அப்படியே இருங்கள். பெரியவர்களின் வாதத்தைச் சுமந்துகொண்டு அவன் பள்ளிக்குப் போகக் கூடாது.

நியூடோ பிறகு தொடுத்த வேறொரு வழக்கில் அதே ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2010இல் உறுதிமொழி செல்லும் என்றது. டெக்சாஸ் மாநிலக் கொடிக்கென ஓர் உறுதிமொழி இருப்பதும், அதில் 2007இல் 'கடவுளின் கீழ் ஒரே மாநிலம்' என்று சேர்க்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதையும் உங்கள் பகுதிக்குரிய ஐந்தாவது வட்ட நீதிமன்றம் 2010இல் ஏற்றது. சமய வழக்குகளில் வரலாற்றையும் மரபையும் அளவுகோலாகக் கொள்ளும் போக்கை உச்ச நீதிமன்றம் 2022இல் இன்னும் உறுதியாக்கியிருப்பதால், நீதிமன்றத்தின் வழியாக இந்தச் சொற்கள் நீங்கும் என்று உங்கள் கணவர் எதிர்பார்க்க வேண்டாம். வழக்குரைஞராக நான் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால், சட்டப்படி செல்லும் என்பதால் அது சரியாகிவிடாது. நீங்கள் கேட்டது 'சரிதானா' என்று. சரியில்லை என்பதே என் கருத்து. அதை உங்களைப் போல வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் ஒருத்தியாகவே சொல்கிறேன்.

இத்தகைய சொற்களைக் காப்பாற்ற நீதிபதிகள் கண்ட வழியை நினைத்துப் பாருங்கள். 1984இல் நீதிபதி பிரென்னன், வேறொரு வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில், உறுதிமொழியிலும் நாணயத்திலும் உள்ள கடவுள் பெயர் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டே தன் சமயப் பொருளை இழந்துவிட்டதால் அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற கருத்தில் எழுதினார். சட்டத் துறையில் இதைச் 'சடங்குத் தெய்வ வாதம்' என்று சொல்வார்கள். கோவில் சந்நிதியில் நின்று நீங்கள் 'முருகா' என்று அழைக்கும்போது உங்கள் குரல் தழுதழுக்கிறதல்லவா? அந்தப் பெயரை, 'இது தேய்ந்துபோன சொல், இதனால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை' என்று ஒரு நீதிமன்றம் சான்றளித்து அனுமதித்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்குமா? அரசின் வாக்குறுதிக்குள் நுழைந்த கடவுள் பெயர் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். அதற்குப் பொருள் இருந்தால் உங்கள் கணவரைப் போன்றவர்களைக் குடியரசின் வாசலில் நிறுத்திவைக்கிறது. பொருள் இல்லையென்றால் உங்களைப் போன்றவர்களின் கடவுளை வெறும் ஓசையாக்குகிறது.

உங்கள் கணவர் நம் ஊரை உதாரணம் காட்டியிருப்பது பொருத்தமானதே. 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பா ராவ் தெலுங்கில் எழுதி, நாம் பாடப்புத்தகத்தைப் புரட்டியதும் கண்ட உறுதிமொழியில் நாடும் மக்களும் மட்டுமே உண்டு. இந்தியர் அனைவரும் உடன்பிறந்தவர்கள் என்று சொல்வதற்கு அங்கே கடவுளைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டுமென 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தபோது, கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள் என்று சக உறுப்பினர் பூர்ணிமா பானர்ஜி வேண்டிக்கொண்டார். காமத் விடவில்லை, ஆதரவாக 41 பேரும் எதிராக 68 பேரும் வாக்களித்துத் திருத்தம் தோற்றது. எதிர்த்தவர்களில் எத்தனையோ பேர் அன்று காலை பூசை செய்துவிட்டுத்தான் அவைக்கு வந்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

அதே அரசியலமைப்பு, பதவியேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடவும் செய்யலாம், உளமார உறுதி கூறவும் செய்யலாம் என்று இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்ற குரலையும் 'ஆண்டவன் மீது ஆணையாக' என்ற குரலையும் ஒரே ஆளுநர் மாளிகையில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்க அரசியலமைப்பும் அப்படித்தான்: அதிபரின் பதவியேற்பு வாசகத்தில் கடவுள் பெயர் இல்லை, ஆணையிடலாம் அல்லது உறுதி கூறலாம் என்று இரண்டும் உண்டு. 1853இல் அதிபர் பிராங்க்ளின் பியர்ஸ் ஆணையிடாமல் உறுதி கூறியே பதவியேற்றார். நாட்டின் தலைவருக்குக் கொடுத்த இந்தத் தேர்வை, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் கொடுக்கவில்லை. அவனுக்கு இருப்பது ஒன்று சொல்வது, இல்லையேல் மௌனம். மௌனம் உரிமைதான், ஆனால் இருபது பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது ஒருவன் மட்டும் உதட்டை மூடிக்கொண்டு நிற்பது எட்டு வயதில் எளிதன்று. என் குறை அந்த வாசகத்தின் மீதுதான். அதை நம்பிச் சொல்லும் பிள்ளைகள் மீதோ ஆசிரியர்கள் மீதோ எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இனி நடைமுறை. டெக்சாஸ் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளி நாளிலும் இரண்டு உறுதிமொழிகளும் சொல்லப்பட வேண்டும். பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால் பள்ளி அந்தப் பிள்ளைக்கு விலக்கு அளித்தே ஆக வேண்டும். கடிதத்தில் காரணம் எதுவும் எழுத வேண்டியதில்லை. மகனின் பெயர், வகுப்பு, இரண்டு உறுதிமொழிகளையும் சொல்வதிலிருந்து விலக்கு வேண்டும் என்ற ஒரு வரி, இருவரின் கையெழுத்து, தேதி ஆகியவை போதும். தலைமை ஆசிரியரிடம் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கையில் இல்லாத மாணவர்களைச் சில பள்ளிகள் கடுமையாக நடத்தியதுண்டு. 2017இல் ஹூஸ்டன் பகுதியில் எழுந்து நிற்க மறுத்த மாணவி ஒருவர் பள்ளியிலிருந்தே வெளியேற்றப்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆகவே எழுத்தில் இருப்பது பாதுகாப்பு. விலக்குப் பெற்ற பிறகும் அவன் விரும்பினால் மரியாதையாக எழுந்து நிற்கலாம். மற்றதைச் சொல்லி அந்த இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிடவும் செய்யலாம்.

ஆனால் கடிதம் எழுதும் முன் மகனிடம் கேளுங்கள். அவன் கேட்டது 'சொல்லட்டுமா, வேண்டாமா' என்று அல்ல. 'அந்தக் கடவுள் யார்' என்று. நல்ல கேள்வி அது, சட்டமே விடை சொல்லாத கேள்வி. "எந்தக் கடவுள் என்று அதில் எழுதவில்லை, கண்ணா, அம்மாவுக்கு முருகன், உன் நண்பனுக்கு வேறு கடவுள், அப்பாவுக்குக் கடவுள் வேண்டியதில்லை, மூன்று பேரும் இந்த நாட்டுக்கு உரியவர்கள்தான்" என்று நீங்களும் உங்கள் கணவரும் ஒன்றாக உட்கார்ந்து சொல்லுங்கள். சொல்ல விரும்பினால் அவன் சொல்லட்டும்; விரும்பாவிட்டால் கடிதம் போகட்டும். இரண்டு உறுதிமொழிகளுக்கும் பிறகு டெக்சாஸ் பள்ளிகளில் ஒரு நிமிட மௌனம் உண்டு; அந்த நேரத்தில் சிந்திக்கலாம், வேண்டலாம், தியானிக்கலாம், பிறரைத் தொந்தரவு செய்யாமல் வேறு எதையும் அமைதியாகச் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது. பொதுப் பள்ளியில் கடவுளுக்கு இடம் வேண்டுமென்றால் அது இப்படிப்பட்ட இடமாகவே இருக்க வேண்டும் என்பேன். அங்கே யாரும் வாசகத்தை எழுதித் தருவதில்லை. உங்கள் மகன் வேல்முருகனை நினைத்தாலும் சன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்தாலும் அது அவனுடைய நிமிடம்.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. குடியுரிமை ஏற்பு உறுதிமொழியின் முடிவில் 'கடவுள் எனக்குத் துணை நிற்க' என்ற தொடர் வரும். அதை விட்டுவிடவும், ஆணையிடுவதற்குப் பதிலாக உளமார உறுதி கூறவும் விதிகள் இடம் தருகின்றன. அதற்கு எந்தச் சான்றும் காட்ட வேண்டியதில்லை. நேர்காணலின்போதே அதிகாரியிடம் சொல்லிவிடுவது நல்லது. சில ஆண்டுகளுக்கு முன் கரூரைச் சேர்ந்த ஒரு தாயையும் மகனையும் அந்த விழாவுக்கு அழைத்துச் சென்றேன். நெற்றியில் திருநீறு துலங்க அந்த அம்மா கடைசிச் சொல் வரை கண்களை மூடிக்கொண்டு சொன்னார். பக்கத்தில் நின்ற மகன் அந்தத் தொடர் வந்தபோது மட்டும் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி இருவருக்கும் ஒரே மாதிரியான சான்றிதழைக் கொடுத்துக் கைகுலுக்கினார். வெளியே வந்ததும் அந்த அம்மா இரண்டு சான்றிதழ்களையும் வாங்கித் தம் முந்தானையில் ஒருமுறை துடைத்து, ஒரே உறைக்குள் வைத்துக்கொண்டார்.